எந்த மெட்டைக் கற்பது? ஐரிஷ் இசை அமர்வுகளின் பொதுத் தொகுதி உருவான வரலாறு

அயர்லாந்தின் மரபிசையில் 'செஷன்' எனப்படும் அமர்வு, இசைஞர்கள் வட்டமாக உட்கார்ந்து சேர்ந்து வாசிக்கும் கூடுகை. பெரும்பாலும் 'பப்' எனப்படும் மதுவிடுதியின் ஒரு மூலையில் இது நடக்கும். மேடை இருக்காது, நிகழ்ச்சி நிரல் இருக்காது, கையில் இசைத்தாளும் இருக்காது. அங்கே ஃபிடில் என்று அழைக்கப்படும் வயலின், மரப் புல்லாங்குழல், டின் விசில், இலன் பைப்ஸ் என்னும் துருத்திக்குழல், கான்செர்டினா, பொத்தான் அக்கார்டியன், பாஞ்சோ ஆகிய கருவிகள் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்கும். ஒருவர் தொடங்குவார். மெட்டு தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். தெரியாதவர்கள் கருவியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருப்பார்கள்.

இந்தக் கடைசி வழக்கமே புதிதாக வருபவருக்குச் சிக்கலைத் தருகிறது. எவ்வளவு கைத்திறன் இருந்தாலும், மெட்டு தெரியாவிட்டால் வாசிக்க இடமில்லை. அச்சிலும் ஒலிப்பதிவிலும் உள்ள ஐரிஷ் நடன மெட்டுகள் பல ஆயிரம். ஒரு மாலை அமர்வில் வாசிக்கப்படுபவை அவற்றுள் மிகச் சில. அந்தச் சிலவற்றைத் தேர்ந்தவர்கள் யார், எந்தக் காரணங்களால் அவை பொதுவாயின, எவை விடுபட்டன என்பதை அறிந்தால், எதைக் கற்பது என்ற கேள்விக்கும் விடை காண்பது எளிது.

மெட்டின் அமைப்பு

ஐரிஷ் நடன மெட்டுகளில் பெரும்பாலானவை இரண்டு பகுதிகள் கொண்டவை. ஒவ்வொரு பகுதியிலும் எட்டுத் தாள அளவுகள் உண்டு. ஒவ்வொன்றையும் இருமுறை வாசிப்பதால் முழு மெட்டு 32 அளவுகளில் முடியும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. எனவே ஒரு மெட்டை இரண்டு அல்லது மூன்று முறை வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். இப்படிக் கோக்கப்பட்ட இரண்டு மூன்று மெட்டுகளுக்கு 'செட்' என்று பெயர்.

தாளத்தைப் பொறுத்து மெட்டுகள் வகைப்படும். நான்கு எண்ணிக்கையில் வேகமாக ஓடுவது ரீல். ஆறு எண்ணிக்கையில் வருவது ஜிக். ஒன்பது எண்ணிக்கையில் அமைந்தது ஸ்லிப் ஜிக். இவற்றோடு ஹார்ன்பைப், போல்கா, ஸ்லைடு ஆகியவையும் உண்டு. டி, ஜி ஆகிய சுருதிகளில் அமைந்த மெட்டுகள் அதிகம். டின் விசிலும் இலன் பைப்ஸும் பெரும்பாலும் டி சுருதியை அடிப்படையாகக் கொண்டவை என்பதே இதற்கு முக்கியக் காரணம். கருவிகளும் தமக்கு வசதியான மெட்டுகளைத் தேர்ந்துகொண்டன என்று சொல்லலாம்.

ஹார்ப் இசைஞர்களும் ஏடும்

ஐரிஷ் இசையைத் தொகுக்கும் முயற்சிகளில் பெரும் திருப்பமாக அமைந்தது 1792 ஜூலையில் பெல்பாஸ்ட் நகரில் நடந்த ஹார்ப் விழா. ஹார்ப் வாசிப்பு அழிந்துகொண்டிருந்த காலம் அது. அயர்லாந்து முழுவதிலிருந்தும் பத்து ஹார்ப் இசைஞர்களே வந்தார்கள். அவர்களில் பலர் பார்வையற்றவர்கள். மூத்தவரான டெனிஸ் ஹெம்ப்சன் தொண்ணூறு வயதைக் கடந்தவர். அவர்கள் வாசித்ததைக் குறிப்பெடுக்க எட்வர்ட் பன்டிங் என்ற 19 வயது இளைஞர் அமர்த்தப்பட்டார். அந்த வேலை அவரது வாழ்நாள் பணியாகவே ஆயிற்று. 1790களின் பிற்பகுதியிலும், 1809, 1840 ஆகிய ஆண்டுகளிலும் அவர் மூன்று தொகுப்புகளை வெளியிட்டார்.

பன்டிங் எழுதிவைத்ததால் அந்த மெட்டுகள் தப்பின. ஆனால் அவற்றை வாசித்த கைகள் தொடரவில்லை. பழைய ஹார்ப் இசைஞர்கள் மறைந்தபோது, எந்த விரலால் எப்படி மீட்டினார்கள் என்பதும் பெருமளவுக்கு அவர்களோடு போயிற்று. பியானோவுக்கு ஏற்றபடி மாற்றி அச்சிடப்பட்ட வடிவத்திலேயே பொதுமக்கள் அவற்றை அறிந்தார்கள். ஏட்டில் இருப்பதும் வழக்கில் இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இது தெளிவான சான்று. இன்றைய அமர்வுகளில் வாசிக்கப்படுபவை பெரும்பாலும் இந்த ஹார்ப் மரபைச் சேர்ந்தவை அல்ல. ஊர்ப்புற நடன மரபைச் சேர்ந்தவை.

நடனம் தேர்ந்தவை

பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் எந்த மெட்டை வாசிப்பது என்பதை முடிவு செய்தவர்கள் நடனமாடியவர்கள். வீட்டுக் கூடங்களிலும் சாலைச் சந்திப்புகளிலும் மக்கள் ஆடினார்கள். ஊரில் எந்த நடனம் வழக்கிலிருந்ததோ அதற்குரிய மெட்டுகளையே இசைஞர் கற்றார். கார்க், கெர்ரி மாவட்டங்களின் எல்லைப் பகுதியில் போல்காவும் ஸ்லைடும் வேண்டியிருந்தன. வடக்கே டோனெகல் மாவட்டத்தில் ஸ்காட்லாந்துத் தொடர்பு வலுவாக இருந்ததால் 'ஹைலண்ட்' என்னும் வகை செல்வாக்குப் பெற்றது.

கற்றல் பெரும்பாலும் கேள்வி ஞானத்தால் நடந்தது. ஒரே மெட்டு ஊருக்கு ஊர் வேறு பாடாந்தரத்தில் வழங்கியது. பெயர்களும் மாறின. ஒரே மெட்டுக்குப் பல பெயர்களும், ஒரே பெயரில் பல மெட்டுகளும் உண்டு. பெயர் தெரியாத மெட்டுகளை 'பெயரில்லை' என்று பொருள்படும் 'கான் அனம்' என்ற ஐரிஷ் மொழிச் சொல்லால் குறிக்கும் வழக்கம் இன்றும் இசைத்தட்டுகளில் உள்ளது.

1845இல் தொடங்கிய பெரும் பஞ்சம் இந்த உலகத்தைக் குலைத்தது. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் இறந்தார்கள். அதற்கும் குறையாத எண்ணிக்கையினர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். மெட்டுகளும் அவர்களோடு கடல் கடந்தன. பொதுத் தொகுதியின் வரலாற்றில் அடுத்த இரண்டு பெரும் நிகழ்வுகளும் அமெரிக்காவில் நடந்ததற்கு இதுவே பின்னணி.

சிகாகோவில் உருவான நூல்

பிரான்சிஸ் ஓநீல் 1848இல் கார்க் மாவட்டத்தின் ட்ராலிபேன் என்ற சிற்றூரில் பிறந்தவர். இளவயதில் கப்பலேறி, உலகம் சுற்றி, இறுதியில் சிகாகோ நகரக் காவல்துறையில் சேர்ந்தார். 1901 முதல் 1905 வரை அதன் தலைவராக இருந்தார். மெட்டுகளை ஒருமுறை கேட்டாலே நினைவில் இருத்தும் ஆற்றல் அவருக்கு இருந்தது. குறியீட்டில் எழுதும் பயிற்சி இல்லை. அதே பெயர் கொண்ட ஜேம்ஸ் ஓநீல் என்ற காவல்துறைச் சார்ஜன்ட் அவற்றை எழுதித் தந்தார். அயர்லாந்தின் வெவ்வேறு மாவட்டங்களிலிருந்து குடியேறிய இசைஞர்கள் ஒரே நகரத்தில் கிடைத்தது அவர்களுக்கு வாய்த்த வசதி.

1903இல் வெளியான முதல் தொகுப்பில் 1850 உருப்படிகள் இருந்தன. அவற்றில் 625 பாடல் மெட்டுகள், 415 ஜிக்குகள், 380 ரீல்கள், 225 ஹார்ன்பைப்கள். 1907இல் நடன மெட்டுகளை மட்டும் கொண்ட இன்னொரு நூல் 1001 உருப்படிகளோடு வெளிவந்தது. இந்த இரண்டாவது நூலை இசைஞர்கள் வெறுமனே 'புத்தகம்' என்றே குறிப்பிடும் அளவுக்கு அது பரவியது. ஒரு மெட்டு புத்தகத்தில் உள்ளதா என்ற கேள்வி அதன் தகுதியைப் பற்றிய கேள்வியாகவும் மாறியது.

1903ஆம் ஆண்டு நூலின் வகைப் பட்டியலில் போல்காவுக்குத் தனிப் பகுதி இல்லை. கார்க், கெர்ரி ஊர்களில் மக்கள் நாள்தோறும் ஆடிய நடனத்துக்குரிய மெட்டுகள், கார்க்கில் பிறந்த ஒருவரின் பெருந்தொகுப்பிலேயே இடம்பெறாமல் போயின. போல்கா மத்திய ஐரோப்பாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த வகை. பழமையானதையும் ஐரிஷ் தன்மை கொண்டதையும் தேடிய தொகுப்பாளர்களுக்கு அது முக்கியமாகத் தோன்றவில்லை. தொகுப்பவரின் அளவுகோல் பின்வருவோரின் தேர்வை எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

மூன்று நிமிட இசைத்தட்டு

ஸ்லைகோ மாவட்டத்தில் 1891இல் பிறந்த ஃபிடில் இசைஞர் மைக்கேல் கோல்மன் 1914இல் அமெரிக்கா சென்றார். 1921 முதல் 1936 வரை நியூயார்க்கில் ஏறத்தாழ 80 பக்கங்கள் அளவுக்கு இசைத்தட்டுப் பதிவுகள் செய்தார். அதே மாவட்டத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மோரிசன், பேடி கில்லோரன் ஆகியோரும் அக்காலத்தில் அங்கே பதிவு செய்தவர்கள். இத்தட்டுகள் உறவினர்கள் வழியாகவும் கடைகள் வழியாகவும் அயர்லாந்துக்குத் திரும்பி வந்தன.

நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழன்ற அந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிட இசையே அடங்கும். இரண்டு மூன்று மெட்டுகளைக் கோத்து வாசிக்க அது சரியான அளவு. கோல்மன் 1934இல் பதிவு செய்த டார்போல்டன், லாங்ஃபோர்ட் கலெக்டர், செய்லர்ஸ் பானட் என்னும் மூன்று ரீல்களை இன்றும் அமர்வுகளில் அதே வரிசையில் வாசிக்கிறார்கள். ஒருவர் டார்போல்டனை முடித்தால் அடுத்தது என்ன என்று யாரும் கேட்பதில்லை. இவற்றில் டார்போல்டன் ஸ்காட்லாந்தில் தோன்றிய மெட்டு. நியூயார்க்கில் ஓர் இசைஞர் ஒரு நாளில் செய்த தேர்வு உலகெங்கும் உள்ள வாசிப்பாளர்களுக்கு இலக்கணமாயிற்று.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. கோல்மனின் வாசிப்பு மிகவும் நேர்த்தியானது. அதைக் கேட்ட வேறு மாவட்டத்து ஃபிடில் இசைஞர்கள் பலர் தம் ஊர்ப் பாணியைக் குறைவாக எண்ணி, ஸ்லைகோ பாணியையும் அதன் மெட்டுகளையும் கற்கத் தொடங்கினார்கள். தட்டில் ஏறாத மெட்டுகள் பின்தள்ளப்பட்டன.

சட்டமும் புலம்பெயர்வும்

1935ஆம் ஆண்டின் பொது நாட்டியக்கூடச் சட்டம், பொது நடனங்களுக்கு நீதிமன்ற உரிமம் வேண்டும் என்றது. வீட்டு நடனங்களைத் தடுக்கவும் பாதிரியார்களும் காவலர்களும் இச்சட்டத்தைப் பயன்படுத்தினார்கள். நடனம் வீடுகளிலிருந்து பெரிய கூடங்களுக்கு நகர்ந்தது. அங்கே ஒலி எட்ட வேண்டியிருந்ததால் பலர் சேர்ந்து வாசிக்கும் கெய்லி குழுக்கள் வளர்ந்தன. பத்துப் பேர் ஒன்றாக வாசிக்க வேண்டுமானால் பத்துப் பேருக்கும் ஒரே பாடாந்தரம் வேண்டும். இவ்வாறு பொதுமைப்படுத்தல் மேலும் ஒரு படி சென்றது.

1950களில் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் அயர்லாந்தை விட்டுச் சென்றார்கள். பெரும்பாலானோர் இங்கிலாந்துக்குப் போய்க் கட்டுமான வேலைகளிலும் மருத்துவமனைகளிலும் சேர்ந்தார்கள். இலண்டனின் கேம்டன் டவுன், ஹாலோவே போன்ற பகுதிகளின் மதுவிடுதிகளில் அவர்கள் கூடி வாசித்தார்கள். கிளேர் மாவட்டத்துக்காரரும் கால்வே மாவட்டத்துக்காரரும் கெர்ரிக்காரரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தபோது, மூவருக்கும் தெரிந்த மெட்டுகள் எவை என்று தேட வேண்டியிருந்தது. ஹாலோவேயில் 'ஃபேவரிட்' என்ற விடுதியில் பதிவு செய்யப்பட்டு 1968இல் வெளிவந்த 'பேடி இன் த ஸ்மோக்' என்ற இசைத்தட்டு அந்தச் சூழலைக் காட்டும் ஆவணம். இன்று நாம் அறியும் மதுவிடுதி அமர்வின் வடிவம் இத்தகைய இடங்களில்தான் உறுதிப்பட்டது. இதில் நடனமாடுபவர் இல்லை. இசைஞர்கள் தமக்காகவே வாசித்தார்கள். ரீல் மற்ற வகைகளை விட மேலோங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சங்கம், வானொலி, குழுக்கள்

1951இல் முல்லிங்கர் நகரில் மரபிசையை மீட்கும் நோக்கோடு இசைஞர்கள் ஒரு சங்கத்தை நிறுவினார்கள். 'கோல்தஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அது, 'ஃப்ளா கியோல்' என்ற ஆண்டு விழாவையும் போட்டிகளையும் நடத்தி வருகிறது. போட்டிக்கு வந்தவர்கள் தெருக்களிலும் விடுதிகளிலும் விடிய விடிய வாசித்தார்கள். மெட்டுகள் மாவட்டம் விட்டு மாவட்டம் பரவ இவ்விழாக்கள் வழி செய்தன.

ஷேமஸ் என்னிஸ் 1942 முதல் 1947 வரை ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையத்துக்காக மிதிவண்டியில் ஊர் ஊராகச் சென்று பாடல்களையும் மெட்டுகளையும் சேகரித்தார். பின்னர் வானொலிக்காகவும் பதிவு செய்தார். 1950களில் கியரன் மக்மஹூனா வானொலி நிலையத்தின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியோடு ஊர்களுக்குச் சென்று, அதுவரை தம் கிராமத்துக்கு வெளியே அறியப்படாத இசைஞர்களை நாடு முழுவதும் கேட்கச் செய்தார். 1963இல் பிரெண்டான் பிரானக் வெளியிட்ட நடன இசைத் தொகுப்பின் முதல் பாகம், வாசிப்பவர்களிடமிருந்து நேரடியாகப் பெற்ற பாடாந்தரங்களைக் கொண்டிருந்தது.

1970களில் குழு இசை உலகப் புகழ் பெற்றது. போதி பேண்ட் குழுவின் 1975ஆம் ஆண்டு இசைத்தட்டு கெஷ் ஜிக் என்ற மெட்டோடு தொடங்குகிறது. இன்று அமர்வுக்கு வரும் புதியவர்கள் முதலில் கற்கும் மெட்டுகளில் அதுவும் ஒன்று. அதே தட்டில் உள்ள 'பட்டர்ஃப்ளை' என்ற ஸ்லிப் ஜிக், டப்ளின் நகரத்து ஃபிடில் இசைஞர் டாமி பாட்ஸ் வழியாக வந்தது. பாட்ஸ் யாரையும் போல வாசிக்காத தனிப்போக்கினர். அவருடைய மெட்டு எல்லோரும் ஒன்றாக வாசிக்கும் மெட்டாகிவிட்டது.

புத்தகத்துக்கு வெளியே பிழைத்தவை

கார்க், கெர்ரி, லிமெரிக் மாவட்டங்கள் சந்திக்கும் மலைப்பகுதிக்கு ஷ்லீவ் லூக்ரா என்று பெயர். அங்கே பாட்ரிக் ஓகீஃப் (1887–1963) என்ற பள்ளி ஆசிரியர் இருந்தார். 1920இல் வேலை பறிபோன பின், வீடு வீடாக நடந்து ஃபிடில் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டார். இசைக் குறியீடு படிக்கத் தெரியாத மாணவர்களுக்காக ஓர் எளிய முறையைக் கையாண்டார். நான்கு தந்திகளையும் காட்டும் கட்டத்தில், எந்த விரலை வைக்க வேண்டும் என்பதை எண்ணால் குறித்தார். ஒவ்வொரு மாணவருக்கும் அவரவர் நிலைக்கேற்ற மெட்டைத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

தொகுப்பாளர்கள் ஒதுக்கிய போல்காக்களும் ஸ்லைடுகளும் இந்தத் தாள்களிலும் மாணவர்களின் விரல்களிலும் பிழைத்தன. அவரிடம் கற்ற டெனிஸ் மர்ஃபியும் அவர் சகோதரி ஜூலியா கிளிஃபர்டும் சேர்ந்து 1969இல் வெளியிட்ட இசைத்தட்டு, அம்மலைப்பகுதியின் இசையை வெளியுலகம் மதிக்கச் செய்தது. இன்று பல நாடுகளின் அமர்வுகளில் ஷ்லீவ் லூக்ரா போல்காக்கள் கேட்கின்றன. பன்டிங்கின் ஏட்டுக்குக் கிடைக்காதது இந்தத் தாள்களுக்குக் கிடைத்தது: எழுதிய மெட்டைத் தொடர்ந்து வாசிக்க மாணவர்கள் இருந்தார்கள்.

பொதுத் தொகுதி மூடிய பெட்டி அல்ல என்பதற்கும் சான்றுகள் உண்டு. கேவன் மாவட்டத்தில் பிறந்து பிலடெல்பியாவில் குழாய் வேலை செய்து வாழ்ந்த எட் ரீவி (1898–1988) இயற்றிய ரீல்கள் இன்று பழைய மெட்டுகளுக்கு இடையே இயல்பாக வாசிக்கப்படுகின்றன. வாசிப்பவர்களில் பலருக்கு அவை அவருடையவை என்பதே தெரியாது. மோரிசனின் பெயரில் வழங்கும் புகழ்பெற்ற ஜிக், அவர் கெர்ரி மாவட்டத்து இசைஞர் ஒருவரிடமிருந்து பெற்றது. கூலீஸ் என்னும் ரீல், கால்வே மாவட்டத்து அக்கார்டியன் இசைஞர் ஜோ கூலியின் பெயரைத் தாங்கியது.

கற்பவர் முன் உள்ள தேர்வு

1990களின் தொடக்கத்தில் கிறிஸ் வால்ஷா உருவாக்கிய ஏபிசி குறிமுறை, மெட்டை வெறும் எழுத்துகளால் தட்டச்சு செய்ய வழி தந்தது. அதன்பின் பல்லாயிரம் மெட்டுகள் கணினியில் எளிதாகக் கிடைக்கின்றன. முன்பு மெட்டு கிடைப்பது அரிது. இன்று கிடைத்தவற்றுள் எதை எடுப்பது என்பதே கடினம். மேற்கண்ட வரலாறு கற்பவருக்குச் சில வழிகளைக் காட்டுகிறது.

முதலாவது, தாம் போய் உட்காரும் அமர்வைக் கேட்பது. கெஷ், கூலீஸ், மோரிசன்ஸ் போன்றவை பெரும்பாலான இடங்களில் உதவும். ஆனால் ஒவ்வொரு அமர்வுக்கும் தனக்கென விருப்பமான மெட்டுகள் உண்டு. சில வாரங்கள் கேட்டு, திரும்பத் திரும்ப வருபவற்றைக் குறித்துக்கொண்டு, அவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. இலண்டனில் வேலை முடிந்து கூடியவர்கள் செய்ததும் ஏறத்தாழ இதுவே.

இரண்டாவது, தாளிலிருந்து கற்றாலும் செவியால் சரிபார்ப்பது. அச்சிட்ட பாடாந்தரம் யாரோ ஒருவர் ஒரு நாள் வாசித்தது. அமர்வில் வாசிப்பவர்களின் பாடாந்தரம் வேறாக இருந்தால், புத்தகத்தைக் காட்டி வாதிடுவதில் பயனில்லை. மெட்டு யாரிடமிருந்து வந்தது என்று கேட்டு அறிவதும் கற்றலின் பகுதி. மூத்தவர்கள் மெட்டின் பெயரை மறந்தாலும், அதைத் தந்தவரின் பெயரைப் பெரும்பாலும் மறப்பதில்லை.

மூன்றாவது, பொதுவானவற்றோடு நின்றுவிடாமல், அரிதாக வாசிக்கப்படும் சிலவற்றையும் கற்பது. எல்லோரும் ஒரே நூறு மெட்டுகளை மட்டும் கற்றால், ஓகீஃபின் மாணவர்கள் காத்தது போன்ற சிறு மரபுகள் ஒலிப்பதிவுக் காப்பகங்களில் மட்டுமே மிஞ்சும். அதற்கு மாறாக யாருக்கும் தெரியாதவற்றை மட்டுமே ஒருவர் கற்றால், அவர் வாசிக்கும்போது மற்றவர்கள் சும்மா இருக்க நேரும். அரிய மெட்டு ஒன்றைக் கற்றவர் அதை இன்னும் ஒருவருக்காவது கற்பிக்கும்போதுதான் அது அமர்வுக்குள் வருகிறது. இரண்டு பேர் சேர்ந்து வாசித்தால் மூன்றாமவர் கேட்டுப் பிடித்துக்கொள்வார்.

கிளேர் மாவட்டத்தின் மில்டவுன் மால்பே ஊரில், பைப்ஸ் இசைஞர் வில்லி கிளான்சி மறைந்த 1973ஆம் ஆண்டிலேயே அவர் பெயரில் ஒரு கோடைப்பள்ளி தொடங்கியது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் அது நடைபெறுகிறது. காலையில் வகுப்பு, இரவில் ஊரின் விடுதிகள் எங்கும் அமர்வு. ஆசிரியர் ஒரு மெட்டைச் சிறு சிறு துண்டுகளாக வாசித்துக் காட்ட, மாணவர்கள் கேட்டுத் திருப்பி வாசிக்கிறார்கள். காலையில் கற்ற மெட்டை அதே இரவில் அறிமுகமில்லாதவர்களோடு சேர்ந்து வாசித்துப் பார்க்கும் வாய்ப்பு அங்கே கிடைக்கிறது.